ஆறு மணி கோல்களும் 1024 நம்பர்களும்

வியாழக்கிழமை காலை ஆறு மணி நெருங்கினால் எனக்கு இப்போதும் வயிற்றுக்குள் ஓர் இறுக்கம் வரும். கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் சனி, ஞாயிறுகளில் திருகோணமலைக்கு வந்து போகும் விசேட வைத்திய நிபுணர்களுக்கு நம்பர் கொடுக்கத் தொடங்கும் நேரம் அது. ஒரு டொக்டருக்கு முப்பது, நாற்பது நம்பர்தான். மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், குச்சவெளி, புல்மோட்டை என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் அந்த நிமிடத்துக்காகப் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்கள் காத்திருப்பார்கள். ஆறு அடித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் அழுத்துவார்கள்.

அந்தக் கோல்கள் வந்து விழும் சேர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். உவர்மலையில் ஒரு சின்ன அலுவலகம். ஆறு தனியார் மருத்துவ நிலையங்களுக்கு நாங்கள் தொலைபேசி வரிசை நடத்துகிறோம். இணையத் தொலைபேசி நிறுவனம் ஒன்றிடமிருந்து ஒரே நேரத்தில் 150 கோல் வரக்கூடிய இணைப்பு, நடுவில் லினக்ஸ் மெஷினில் ஓடும் ஆஸ்டரிஸ்க் என்ற தொலைபேசிப் பரிமாற்ற மென்பொருள், மறுபக்கம் ஆறு இடங்களிலும் சேர்த்து 24 கவுண்டர் போன்கள். மார்க் ஸ்பென்சர் 1999இல் எழுதத் தொடங்கிய அந்த மென்பொருள் இல்லாவிட்டால், எங்களைப் போன்ற சிறிய ஆட்கள் இப்படி ஒரு வேலையை நினைத்தும் பார்த்திருக்க முடியாது.

ஒரு மாரிகாலத்தில், வாடைக்காற்று பலமாக வீசிய ஒரு புதன்கிழமை இரவு, கரண்ட் போய் வந்தது. யூபிஎஸ் பேட்டரி இறங்கி மெஷின் நின்று, பிறகு தானாகவே எழும்பியிருக்கிறது. காலையில் வந்து பார்த்தேன். எல்லாப் போன்களும் பதிவாகியிருந்தன, லொக்கில் (சேர்வர் எழுதி வைக்கும் பதிவேட்டில்) ஒரு குறையும் இல்லை. சரி என்று தேநீர் ஊற்றப் போனேன்.

6.07க்கு கவுண்டரிலிருந்து ஓர் அக்கா என் கைபேசிக்கு எடுத்தார். “தம்பி, இண்டைக்கு ஒருத்தரும் எடுக்கேல்லையா? எங்கட போன் அடிக்கவே இல்லை.” திரையில் பார்த்தால் வரிசையில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் நிற்கிறார்கள். 24 கவுண்டர்களில் ஏறக்குறைய பாதியில் மணி அடிக்கவில்லை. அதே நேரம் அலுவலகத்தின் வேறு நம்பருக்கு மூதூரிலிருந்து ஒரு தாய் எடுத்தார். கணவருக்கு இருதய வருத்தம். “மகன், லைன் எடுக்குது, ஆனா ஒரு சத்தமும் வரேல்ல. வைச்சிட்டு எடுத்தாலும் அப்பிடித்தான். ரீலோட் காசு எல்லாம் போயிட்டுது.” அன்று அவருக்கு நம்பர் கிடைக்கவில்லை. அந்தக் குரல் மனதிலிருந்து போகவே இல்லை. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததும் அதனால்தான்.

லொக்கில் இரண்டு வரிகள் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று, திறந்திருக்கும் கோப்புகள் அளவுக்கு மேல் போய்விட்டன என்றது. மற்றது, புதிய சனலுக்கு, அதாவது கோலின் ஒரு பக்கத்துக்கு, அலர்ட் பைப் உருவாக்க முடியவில்லை, யூலிமிட்டை, அதாவது ஒரு புரோகிராம் திறக்கக்கூடிய எண்ணிக்கையின் எல்லையை, கூட்டிப் பாருங்கள் என்றது.

லினக்ஸில் ஒரு புரோகிராம் எதைத் திறந்தாலும், அது கோப்பாக இருக்கட்டும், வலையமைப்பில் பேசும் சொக்கெட்டாக இருக்கட்டும், டைமராக இருக்கட்டும், லினக்ஸின் மையமான கெர்னல் அதற்கு ஒரு நம்பர் கொடுக்கும். 0இலிருந்து தொடங்கி, அந்த நேரத்தில் காலியாக இருக்கும் மிகச் சிறிய நம்பரைக் கொடுக்கும். வேலை முடிந்து மூடினால் நம்பர் திரும்ப வரும். மருத்துவ நிலையத்தில் துண்டு கொடுப்பதைப் போலத்தான். சாதாரணமாக ஒரு புரோகிராமுக்கு 1024 நம்பர்கள், 0 முதல் 1023 வரை. அவ்வளவும் போய்விட்டால் அடுத்து எதைத் திறக்கக் கேட்டாலும் இல்லை என்ற பதில்தான் வரும்.

தொலைபேசி சேர்வர் இந்த நம்பர்களை எப்படிச் சாப்பிடுகிறது என்பதை அதற்கு முன் நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. ஒரு கோலின் ஒரு பக்கத்துக்குக் குரல் போய்வர ஒரு யூடிபி (போய்ச் சேர்ந்ததா என்று பாராமல் பொதிகளை அனுப்பும் முறை) சொக்கெட் வேண்டும். அந்தக் குரலின் தரத்தைப் பற்றிய தகவல் போய்வர அடுத்த போர்ட்டில் இன்னொன்று. அந்தச் சனலைத் தட்டி எழுப்ப ஒரு அலர்ட் பைப். காத்திருப்பவருக்குப் பாட்டுப் போட ஒரு டைமர், பாட்டுக் கோப்புக்கு ஒரு நம்பர், டொக்டரின் நம்பரைப் பதிவு செய்யும் எங்கள் நிரலோடு பேச ஒரு சொக்கெட். ஆக, வரிசையில் சும்மா நிற்கும் ஒருவர் ஆறு நம்பரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கவுண்டரோடு பேசத் தொடங்கினால் மறுபக்கத்துச் சனல், உரையாடலைப் பதியும் கோப்பு எல்லாம் சேர்ந்து எங்கள் அமைப்பில் அது பதினொன்று ஆகிறது. 24 பேர் பேசினால் 264. மிச்சம் 126 பேர் காத்திருந்தால் 756. கோல் ஒன்றுமே இல்லாதபோதும் ஆஸ்டரிஸ்க் தன் தேவைக்கு ஏறக்குறைய 70 வைத்திருக்கிறது. கூட்டினால் 1090.

ஆனால் அன்று என்னை உலுக்கியது 66 நம்பர் குறைந்த விஷயம் இல்லை, அந்தக் குறை விழுந்த இடம். கவுண்டரில் ஒரு போனை அடிக்க வைக்க வேண்டுமென்றால் அதற்கொரு புதிய சனல் வேண்டும். சனலுக்குப் புதிய நம்பர்கள் வேண்டும். ஒருவர் பேசி முடித்துப் பதினொரு நம்பர் விடுபட்டதும், வெளியே நின்ற அடுத்த கோல் உள்ளே புகுந்து அவற்றில் ஆறைப் பிடித்துவிடுகிறது. வரிசை நீள்கிறது, வரிசையை எடுத்துவிட வேண்டிய போன்களுக்கு மிச்சம் இல்லை. கடைசியாக உள்ளே வந்தவர்களுக்குக் கோல் எடுபடுகிறது, பாட்டுக் கோப்பைத் திறக்க நம்பர் இல்லாததால் வெறும் மௌனம். மூதூர் அம்மா கேட்டது அந்த மௌனத்தைத்தான். கோல் எடுபட்டுவிட்டதால் காசும் ஓடியது.

இந்த எல்லையை நான் ஒரு வருடத்துக்கு முன்பே 65536 ஆக உயர்த்தியிருந்தேன் என்பதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது. செக்யூரிட்டி லிமிட்ஸ் கோப்பில் எழுதியது நினைவிருக்கிறது. ஷெல்லில் (கட்டளை தட்டும் திரையில்) யூலிமிட் போட்டுப் பார்த்தால் இப்போதும் 65536 என்றுதான் காட்டியது. விளங்க எனக்கு அரை நாள் ஆனது. அந்தக் கோப்பு ஆட்கள் லொகின் செய்து உள்ளே வரும்போது மட்டும் வாசிக்கப்படுவது. முன்பெல்லாம் நான் லொகின் செய்து கையால் ஆஸ்டரிஸ்கைத் தொடங்கியதால் அதற்கு அந்த எல்லை கிடைத்தது. கரண்ட் போய் வந்த இரவில் அதைத் தொடங்கியது, மெஷின் எழும்பும்போது சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டி. சிஸ்டம்டி அந்தக் கோப்பைப் பார்ப்பதே இல்லை. அது அந்தச் சேவைக்கான யூனிட் கோப்பில் லிமிட்நோஃபைல் என்று எழுதியிருந்தால் அதை எடுக்கும், இல்லாவிட்டால் தன் வழக்கமான எண்ணைக் கொடுக்கும். எனவே ஷெல்லில் என்ன காட்டுகிறது என்பதை நம்பாதீர்கள். புரோசஸின், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின், நம்பரை எடுத்து, ப்ரொக் அடைவுக்குள் அந்த நம்பரின் கீழ் இருக்கும் லிமிட்ஸ் என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். அந்தப் புரோசஸுக்கு நிஜமாகக் கிடைத்திருக்கும் எல்லை அங்கே இருக்கும். ஆஸ்டரிஸ்கின் கட்டளைத் திரையிலும் அமைப்பு விவரத்தைக் கேட்டால் அதிகபட்சக் கோப்பு எண்ணிக்கை வரும்.

யூனிட்டுக்கு ஒரு மேற்கோப்பு எழுதி 16384 கொடுத்தேன். 65536 தேவையில்லை. 1090 வேண்டிய இடத்தில் அதைப் போலப் பதினைந்து மடங்கு போதும். மிக உயரமான எல்லை ஒரு கசிவை மாதக்கணக்கில் மறைத்து வைத்துவிடும். அது எப்படி என்று பின்னால் வருகிறது. அதே யூனிட்டில் டாஸ்க்ஸ்மாக்ஸ் என்ற எல்லையையும் பார்த்துவிடுங்கள். அது புரோசஸ்களை மட்டும் எண்ணுவதில்லை, ஒரு புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் தனித்தனி வேலை இழைகளான திரெட்களையும் சேர்த்தே எண்ணும்.

குரலுக்கான போர்ட்களும் ஓர் எல்லைதான். வழக்கமாக 10000 முதல் 20000 வரை திறந்திருக்கும். ஒரு பக்கத்துக்கு இரண்டு போர்ட் என்றால் ஏறக்குறைய 5000 பக்கங்கள், இரு பக்கமும் சேர்ந்த கோல்கள் 2500. எங்களுக்கு அது எப்போதும் தடையாக இருந்ததில்லை. ஃபயர்வோலுக்காக இதை 200 போர்ட்டுக்குச் சுருக்கி வைத்திருப்பவர்கள் மட்டும் ஒருமுறை கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரெட் விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்டரிஸ்கில் உள்ளே வரும் ஒவ்வொரு கோலுக்கும் அதன் டயல்பிளானை (கோல் எங்கே போக வேண்டும் என்ற படிமுறையை) நடத்த ஒரு திரெட் பிறக்கிறது. 150 கோல் என்றால் 150 திரெட். பலர் இதைக் கேட்டதும் நினைவகத்தை எண்ணிப் பயப்படுவார்கள். நானும் பயந்தேன். லினக்ஸில் ஒரு திரெட்டின் ஸ்டாக் (அதன் வேலை நினைவிடம்) வழக்கமாக 8 எம்பி என்று எங்கும் எழுதியிருக்கிறது. அது ஒதுக்கி வைக்கும் முகவரி இடம்தான், தொட்ட பக்கங்களுக்கு மட்டும்தான் நிஜ நினைவகம் போகும். தவிர, ஆஸ்டரிஸ்க் தன் திரெட்களுக்கு 64 பிட் மெஷினில் 496 கேபி ஸ்டாக்தான் கேட்கிறது. 150 திரெட்களுக்கு 75 எம்பிகூட வராது. டொப் என்ற கண்காணிப்புத் திரையில் விர்ட் என்ற நெடுவரிசையில் பெரிய எண்ணைப் பார்த்து ராம் வாங்கப் போகாதீர்கள்.

திரெட்டில் எங்களுக்கு வலித்தது வேறோர் இடம். கோப்பு எல்லையைச் சரிசெய்த அடுத்த வியாழன் எல்லாப் போன்களும் அடித்தன, ஆனால் 6.03க்கு சிப் செய்திகள், அதாவது கோலைத் தொடங்கவும் முடிக்கவும் பரிமாறப்படும் செய்திகள், தாமதமாகத் தொடங்கின. சிப் வேலைகளைச் செய்யும் திரெட் குழாமுக்கு வழக்கமான உச்சம் 50. லொக்கில் ஒரு டாஸ்க் வரிசை 500ஐத் தொட்டுவிட்டது என்ற எச்சரிக்கை வந்தது. நான் செய்த முதல் வேலை, உச்சத்தை 200 ஆக்கியது. ஒரு வாரம் காத்திருந்து பார்த்தால் துளியும் மாற்றமில்லை.

வேறு வழியின்றி அந்தத் திரெட்கள் என்னதான் செய்துகொண்டிருக்கின்றன என்று பார்த்தேன். ஒன்றுமே செய்யவில்லை, காத்துக்கொண்டு நின்றன. கவுண்டர் போன்களின் விவரங்களை நான் டேட்டாபேஸில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பதிவுக்கும் ஒவ்வொரு அழைப்புக்கும் ஆஸ்டரிஸ்க், டேட்டாபேஸோடு பேச உதவும் ஓடிபிசி வழியாக அங்கே போய்க் கேட்கும். அந்த ஓடிபிசி அமைப்பில் அதிகபட்ச இணைப்பு என்ற வரியை நான் எழுதவே இல்லை. எழுதாவிட்டால் அது 1. ஐம்பது பேர் ஒரே கதவடியில் நின்றார்கள், நான் இருநூறு பேரை அதே கதவடிக்கு அனுப்பியிருக்கிறேன். இணைப்பை 20 ஆக்கினேன், திரெட் உச்சத்தைத் திரும்ப 50க்குக் கொண்டுவந்தேன், அடிக்கடி மாறாத விவரங்களை ஆஸ்டரிஸ்கின் நினைவகத்திலேயே சில நிமிடம் வைத்திருக்கச் சொன்னேன். 500 எச்சரிக்கை அதன் பிறகு வரவில்லை.

இதில் எனக்கு உறுதியான ஓர் அபிப்பிராயம் உண்டு. திரெட் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு முன் அந்தத் திரெட் எதற்காகக் காத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். சிபியு காலியாக இருந்து வரிசை நீண்டால், தடை வேறெங்கோ இருக்கிறது. சிபியு நிரம்பி வரிசை நீண்டால், நான்கு கோர் மெஷினில் இன்னும் நூறு திரெட் போடுவதால் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொள்வதுதான் நடக்கும்.

தாமதம் எப்படித் தன்னைத் தானே பெருக்கிக்கொள்கிறது என்பதும் சிப்பில் கவனிக்க வேண்டிய விஷயம். 2002இல் வந்த அதன் விதிப்படி, யூடிபியில் அனுப்பிய அழைப்புக்குப் பதில் வராவிட்டால் அரை விநாடியில் மறுபடி அனுப்ப வேண்டும். பிறகு ஒரு விநாடி, இரண்டு, நான்கு என்று இடைவெளி இரட்டிப்பாகும். 32 விநாடியில் கைவிடும் முன் ஒரே கோல் ஏழு முறை கதவைத் தட்டும். நமது சேர்வர் மூச்சு வாங்கும் நேரம் பார்த்து வேலை ஏழு மடங்காகிறது. போதாததற்கு, சத்தம் வராமல் வைத்த மனிதர்களும் திரும்ப எடுக்கிறார்கள்.

அந்தத் தட்டல்கள் வந்து நிற்கும் இடம் சிப்புக்கான 5060 போர்ட்டின் ஒரே சொக்கெட். அதன் பெறும் பஃபர் (வந்த பொதிகள் காத்திருக்கும் இடம்) லினக்ஸில் வழக்கமாக 212992 பைட். நிறைய இருப்பது போலத் தெரியும், ஆனால் கெர்னல் ஒவ்வொரு பொதிக்கும் தன் உறையின் எடையையும் சேர்த்துக் கணக்கிடுவதால் நினைப்பதைவிட முன்பே நிரம்பிவிடும். யூடிபி புள்ளிவிவரத்தில் பெறும் பஃபர் பிழை என்ற எண் கூடிக்கொண்டு போனால் பொதிகள் கீழே விழுகின்றன என்று பொருள். நான் அதை 1 எம்பி ஆக்கினேன், அத்துடன் நிறுத்தினேன். 16 எம்பி, 32 எம்பி என்று போட்டால் பொதி விழாது, ஆனால் பழைய தட்டல்கள் உள்ளே ஊறிக் கிடந்து, அனுப்பியவர் கைவிட்ட பிறகு அவற்றுக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்போம்.

150 கோல் இணைப்பு உண்மையில் தேவையா என்று மருத்துவ நிலையத்தார் கேட்டார்கள். நியாயமான கேள்வி, அவர்கள்தான் காசு கட்டுகிறார்கள். டென்மார்க்கின் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை செய்த ஏர்லாங், 1917இல் இதற்கென்றே ஒரு சூத்திரம் கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் 200 கோல், ஒவ்வொன்றும் மூன்று நிமிடம் என்றால் பாரம் 10 ஏர்லாங், அதாவது சராசரியாக ஒரே நேரத்தில் 10 கோல். நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே லைன் கிடைக்காமல் போகவேண்டுமென்றால் 18 லைன் போதும். கேட்க எவ்வளவு சின்ன எண்! வெள்ளி முதல் புதன் வரை எங்களுக்கும் அந்தக் கணக்கு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் கோல்கள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல், தற்செயலாக வருகின்றன என்பது அந்தச் சூத்திரத்தின் அடித்தளம். வியாழன் ஆறு மணியில் தற்செயல் எதுவும் இல்லை. மாவட்டமே ஒரு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

அதனால் இரண்டு காரியம் செய்தோம். ஆறு நிலையங்களில் மூன்று தங்கள் நேரத்தை 6.30க்கும் ஏழுக்கும் மாற்றிக்கொண்டன. மற்றது, நானே வலிந்து ஓர் எல்லை வைத்தேன். வரிசையில் 90 பேருக்கு மேல் போனால் அடுத்தவருக்குக் கோலை எடுக்காமலேயே பிஸி ஒலி கொடுத்துவிடும். இதைக் கேட்டு எங்கள் அலுவலகத்திலேயே ஒருவர் கோபப்பட்டார், கோலைத் தட்டிவிடுவதா என்று. நான் பிடிவாதமாக நின்றேன். பிஸி ஒலி கேட்டால் அந்த அம்மாவின் ரீலோட் காசு அவர் கையிலேயே இருக்கும், பத்து நிமிடம் கழித்துத் திரும்ப எடுப்பார். உள்ளே இருக்கும் 90 பேருக்கும் கவுண்டர் போன் அடிக்க நம்பர் மிச்சமிருக்கும்.

இதையெல்லாம் வியாழக்கிழமையில் வைத்துச் சோதிக்க முடியாது. இரவு பதினொரு மணிக்கு மேல் இன்னொரு மெஷினிலிருந்து சிப்பி என்ற கருவியால் 150 போலிக் கோல்களை அனுப்பிப் பார்ப்பேன். முதல் தடவை அனுப்பும் மெஷின்தான் விழுந்தது, அதற்கும் அதே 1024. சோதிக்கும் பக்கத்தின் எல்லையை முதலில் உயர்த்திக்கொள்ளுங்கள்.

கசிவைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். எல்லாம் சரியாகி மூன்று வாரம் ஓடியபின், ஒரு செவ்வாய்க்கிழமை நடுப்பகலில், கூட்டமே இல்லாத நேரத்தில், கோல் எடுத்தவர்களுக்கு நம்பர் பதிவு மெனு வரவில்லை. ஆஸ்டரிஸ்க் நன்றாக இருந்தது. விழுந்தது நான் பைதனில் எழுதிய பதிவு நிரல். அதற்கு நான் எல்லை எதையும் எழுதவில்லை, 1024இலேயே இருந்தது. கைப்பழக்கத்தில் அதையும் 16384 ஆக்கித் திரும்பத் தொடங்கினேன். இன்னும் மூன்று வாரத்தில் வேறு பிழையோடு விழுந்தது. எந்தச் சொக்கெட்டில் தகவல் வந்திருக்கிறது என்று பார்க்க நான் பயன்படுத்தியிருந்த செலக்ட் என்ற பழைய முறை, எல்லை எவ்வளவாக இருந்தாலும் 1023க்கு மேற்பட்ட நம்பரைப் பார்க்கவே மாட்டாது. பைதன் அந்த இடத்தில் மறுத்துப் பிழை எழுப்புகிறது. சி மொழியில் எழுதியிருந்தால் நினைவகமே கெட்டிருக்கும். போல் அல்லது ஈபோல் முறைக்கு மாறாமல் யூலிமிட்டை உயர்த்தி அங்கே பயனில்லை.

பத்துப் பதினைந்து கோல் மட்டும் இருக்கும் நேரத்தில் அந்த நிரலுக்கு ஆயிரம் நம்பர் எதற்கு? சொக்கெட்களைப் பட்டியலிட்டால் நூற்றுக்கணக்கில் குளோஸ்-வெயிட் நிலையில் நின்றன. மறுபக்கம் மூடிவிட்டது, நமது பக்கம் இன்னும் மூடவில்லை என்பதே அந்த நிலையின் பொருள். மெனு நடுவில் ஒருவர் போனை வைத்துவிட்டால் என் நிரல் பிழையாகி வெளியே குதித்தது, சொக்கெட்டை மூடும் வரிக்கு வரவே இல்லை. ஒரு நாளைக்கு ஐம்பது பேர் அப்படி வைத்தால் மூன்று வாரத்தில் ஆயிரம். எந்த வழியால் வெளியேறினாலும் மூடும்படி திருத்தி எழுதினேன், செலக்டையும் மாற்றினேன். எல்லையைத் திரும்ப 2048க்கு இறக்கிவிட்டேன், இனி ஒரு கசிவு வந்தால் எனக்குச் சீக்கிரம் தெரிய வேண்டும்.

இப்போது இரண்டு புரோசஸுக்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஓடுகிறது. ப்ரொக் அடைவில் எஃப்டி என்ற உள்ளடைவில் எத்தனை இருக்கின்றன என்று நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணி, திரெட் எண்ணிக்கையோடு சேர்த்து எழுதி வைக்கும். திறந்திருப்பவற்றைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையால் எண்ணாதீர்கள். அது நினைவகத்தில் ஏற்றிய லைப்ரரிகளையும் வரியாகக் காட்டும், எண்ணிக்கை கூடித் தெரியும். கோல் இல்லாத அதிகாலை மூன்று மணிக்கு அந்த எண் நேற்று இருந்த இடத்துக்கே திரும்பி வந்திருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஆஸ்டரிஸ்க் இன்று அதிகாலை 71இல் இருந்தது, ஆறு மணிக்கூட்டத்தில் 702 வரை ஏறியது, ஒன்பது மணிக்கு மறுபடி 71.